ஜப்பான் துப்பாக்கிக்கு இருபது கூடுகள்

ஸ்டோனி பென்ட், மொன்டானா
செப்டம்பர் 4, 1957

இதனால் சகல ஜனங்களுக்கும், குறிப்பாக சியாட்டில் நகரில் மழையில் நனைந்துகொண்டிருக்கும் செல்வி லவோனா ஹஸ்கெட்டுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நேற்று மாலை நாலே முக்கால் மணிக்கு நம் வீட்டுச் செங்கோழி, முறைப்படி வைக்கோல் போட்டுத் தந்த பெட்டியைப் புறக்கணித்துவிட்டு, கதவோரம் கிடக்கும் உன் பழைய பூட்ஸின் இடது காலுக்குள் முட்டையிட்டது. தாயும் முட்டையும் நலம். முட்டையை நான் சாப்பிட்டுவிட்டேன், எனவே தாய் மட்டும் நலம்.

அக்கா, இதைவிடச் சின்னச் செய்தி ஒன்றும் உண்டு. உன் தம்பி டெல்மர், வயது பதினாறு, இந்த வட்டாரத்தின் தலைசிறந்த கூடு மாற்றும் நிபுணன் ஆகிவிட்டான்.

உன் ஜப்பான் துப்பாக்கிக்கு எந்தக் கடையிலும் தோட்டா வராது. போருக்குப் போய் வந்தவன் ஒருவன் பன்னிரண்டு டாலருக்கு உன் தலையில் கட்டிய அந்த மகாராணி, ஊர் தின்பதைத் தின்ன மாட்டாள். ஊரில் எல்லோரும் சுட்டுப் போட்ட 'முப்பது-ஆறு' ரகத் தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் கூட்டைப் பொறுக்கிவந்து, கையால் அழுத்தும் பிரஸ்ஸில் அச்சுக்குள் தள்ளி, தோளை இறக்கி, கழுத்தை அறுத்துக் குட்டையாக்கி, வேறு ஆளாக மாற்றிக் கொடுத்தால்தான் வாயைத் திறப்பாள். நீ இருந்தவரை இதை நீ செய்தாய். இப்போது நான் செய்கிறேன். உன்னைவிட வேகமாகச் செய்கிறேன் என்று சொன்னால் வருத்தப்படுவாய், அதனால் சொல்லவில்லை.

எல்க் மான் வேட்டை அக்டோபர் இருபதாம் தேதி திறக்கிறது. அதற்குள் இருபது கூடுகள் தயாராகிவிடும். வருவதென்றால் வா. வராவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. உன் அறை எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது.

டெல்மர்


சியாட்டில்
செப்டம்பர் 11

டெல்மர்,

பூட்ஸைக் கழுவி வை.

நீ நிபுணன் ஆன செய்தியை விமானத் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசைப் பெண்ணுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டாள், "இந்தப் பையன் விரல் பத்தும் இன்னும் இருக்கா?" நானும் அதையே கேட்கிறேன். பதில் கடிதத்தில் எண்ணி எழுது.

இங்கே நாள் முழுக்க ரிவெட்டு ஆணி அளக்கிறேன். ஒரு தட்டில் இருநூறு. எல்லாம் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. ஒன்றுகூட வேறொன்றிலிருந்து வந்ததில்லை. சாயங்காலம் அறைக்கு வந்தால் வீட்டுக்காரி முட்டைக்கோஸ் சூப் வைத்திருப்பாள். சன்னலுக்கு வெளியே ஒரு சுவர். சுவருக்கு மேலே மலை தெரிகிற நாள் மாதத்துக்கு இரண்டு. அந்த இரண்டு நாளும் நான் சாப்பிடாமல் நின்றுகொண்டே இருக்கிறேன்.

வா என்கிறாய். நான் ஏன் போனேன் என்பது உனக்குத் தெரியும், ஆனால் நீ அன்று வேட்டை முகாமில் இல்லை, அதனால் ஒருமுறை எழுதிவிடுகிறேன். போன நவம்பரில், அப்பா வேலை பார்க்கும் மில் முதலாளியின் மகன் ஜப்பான் துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்க ஆசைப்பட்டான். அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் கையிலிருந்து வாங்கி அவனிடம் கொடுத்தார். அதில் இருந்தது நான் போட்ட இருபது தோட்டாவில் ஒன்று. நம் ஊரில் ஒருவர் வெடிமருந்து போட்ட தோட்டாவை இன்னொருவர் சுடுவதில்லை. மருந்து அவரவர் கை அளவு. போட்டவர் முகத்துக்கு முன்னால்தான் வெடிக்க வேண்டும். இதை எனக்குச் சொன்னவரே அப்பாதான். அறுபது கெஜத்தில் எல்க் நின்றது. முதலாளி மகன் சுட்டான். அது நடந்தே போனது.

ஏழு பேர் நின்றார்கள். அப்பா சொன்னார், "பொண்ணு போட்ட தோட்டா, வேற எப்படி இருக்கும்?" ஏழு பேரும் சிரித்தார்கள்.

அந்த இருபது தோட்டாவுக்கு நான் மூன்று வாரம் உட்கார்ந்தேன். அவர் அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொண்டால் வருவேன். அதுவரை எனக்கு இந்தச் சுவர் போதும்.

கூடு மாற்று, தப்பில்லை. மருந்து மட்டும் தொடாதே.

லவோனா

பி.கு. என் அறையில் எதையும் நகர்த்தாதே.


ஸ்டோனி பென்ட்
செப்டம்பர் 20

அக்கா,

விரல்கள்: பத்து. கட்டைவிரலையும் சேர்த்து. இரண்டு முறை எண்ணினேன், இரண்டாவது முறை பதினொன்று வந்தது, அதை விட்டுவிட்டேன்.

பதினான்கு கூடு முடிந்தது. இந்தத் தொழிலில் எனக்குப் பிடிபட்ட ரகசியம் என்னவென்றால், எல்லாம் கொழுப்பில்தான் இருக்கிறது. அச்சுக்குள் விடுமுன் கூட்டுக்கு ஆட்டு ரோமக் கொழுப்பைத் தடவ வேண்டும். கொழுப்பு குறைந்தால் கூடு அச்சுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்னும். கொழுப்பு அதிகமானால் தோளில் பள்ளம் விழும். நான் பிரஸ் பக்கத்தில் போனாலே கொழுப்பு அதிகமாகிவிடுகிறது என்று அப்பா சொல்கிறார். அவர் ஜோக் சொல்லிப் பத்து மாதம் ஆகிறது, அதனால் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்தேன்.

நேற்று ராச்சாப்பாட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"லெட்டர் ஏதாச்சும் வந்துச்சா?"

"யாருக்கு?"

"கரண்ட்டு கம்பெனிலேருந்து."

"அவங்க எழுதல. அக்கா எழுதியிருக்கா."

"அவளக் கேட்டனா நான்?"

"கேக்கல. மான் கறிய இந்தப் பக்கம் தள்ளுங்க."

தள்ளவில்லை. கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "அங்க மழையாமே?" என்றார். ஆமாம் என்றேன். "அவளுக்கு மழையே ஆகாது," என்று கிண்ணத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து போனார். கறி முழுவதையும் நான் சாப்பிட்டேன். சந்தோஷமாக இல்லை. வயிறு நிறைந்தது, அவ்வளவுதான்.

உனக்குத் தெரியுமே, அவர் வாயை அச்சில் போட்டுத்தான் திறக்க வேண்டும். ஆனால் திறப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் இருக்கிறேன் அல்லவா.

டெல்மர்


ஸ்டோனி பென்ட்
செப்டம்பர் 27
(மில் ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்தது)

அன்புள்ள மகள் லவோனாவுக்கு,

எனக்கு எழுத வராது என்பதால் ஆபீஸில் சொல்லி அடிக்கச் செய்கிறேன். போன வருடம் முகாமில் நான் பேசியது தவறு. உன் தோட்டா நல்ல தோட்டா. அந்தப் பையனுக்குத்தான் சுடத் தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு. வேட்டை திறக்கும் நாளுக்கு நீ வீட்டில் இருக்க வேண்டும்.

உனக்காக டெல்மர் இருபது கூடுகளைச் செய்து முடித்துவிட்டான். கடைசியாக எல்லாவற்றையும் அடுப்புக்குள் வைத்து நன்றாகப் பதமாக்கியும் விட்டான். தங்கம் போல மின்னுகின்றன. அடுத்த வாரம் ஞாயிறன்று ஒரு கூட்டில் மருந்து போட்டு அவனே சுட்டுப் பார்க்கப் போகிறான். பையன் ரொம்பக் கெட்டிக்காரன், குடும்பத்துக்கே பெருமை.

இப்படிக்கு உன் அப்பா,
ஹார்லன் ஹஸ்கெட்


சியாட்டில்
அக்டோபர் 1

டெல்மர்,

இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்குமுன் என் குரல் அங்கே வந்து போயிருக்கும். இன்று காலை நம் ஊர்க் கடைக்கு டிரங்க் கால் போட்டேன். கடைக்கார எட்னா அத்தை அப்பாவை மில்லிலிருந்து கூட்டிவரும்வரை தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றிருந்தேன். அவர் பூட்ஸ் சத்தம் கடைப் பலகையில் கேட்டது. அதை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன்.

பதினோரு மாதத்தில் நாங்கள் பேசிய முதல் பேச்சு இது:

"அப்பா, டெல்மரச் சுட விடாதீங்க. கூட்ட முழுசா அடுப்புல வச்சுட்டான். அடி வெந்துபோச்சு."

"எத்தன?"

"இருபது."

"சரி."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். கடையில் ஆள் இருந்திருக்கும்.

இப்போது உன் கெட்டிக்காரத்தனத்துக்கு வருகிறேன். கூட்டின் கழுத்தைத்தான் இளக்க வேண்டும். அதனால்தான் கூட்டைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, கழுத்துக்கு மட்டும் தீ காட்டுவார்கள். அடி கல்லாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் மருந்து வெடிப்பதைத் தாங்குவது அந்த அடிதான். அடி இளகிய கூடு பின்பக்கமாகக் கிழியும். அதற்குப் பின்பக்கம் இருப்பது உன் கண். அப்பாவுக்கு இது மூச்சு விடுவது மாதிரி. அவர் 'அடுப்புக்குள் வைத்துப் பதமாக்கினான், பையன் கெட்டிக்காரன்' என்று செத்தாலும் சொல்லமாட்டார். அந்த வரியில்தான் நீ மாட்டிக்கொண்டாய்.

ஆனால் அந்த வரி இரண்டாவது பத்தியில் இருந்தது, டெல்மர்.

முதல் பத்தியை மாடிப்படியில் நின்று படித்தேன். நம்பிவிட்டேன். யோசித்துப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. அறைக்குள் ஓடிப் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து, கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுவிட்டு, அப்புறம்தான் மிச்சத்தைப் படித்தேன். பெட்டி இன்னும் திறந்தே கிடக்கிறது. மூட மனம் வரவில்லை.

உன்மேல் கோபம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கண் இரண்டும் இருக்கிறதா என்று மட்டும் எழுது.

லவோனா


ஸ்டோனி பென்ட்
அக்டோபர் 6

அக்கா,

கண்கள்: இரண்டு. கீழே பார்த்தபடி இருக்கின்றன.

டைப்ரைட்டர் கடிதம் நான் அடித்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மில் ஆபீஸைக் கூட்டப் போனபோது அடித்தேன். இது உனக்குத் தெரிந்துவிட்டது, இருந்தாலும் என் கையால் ஒருமுறை எழுத வேண்டும் என்று எழுதுகிறேன். நீ பெட்டியை இழுத்தாய் என்று படித்த பிறகு கோழிக்கூடத்துக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கோழிகள் எதுவும் கேட்கவில்லை.

அன்று அப்பா கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார். "எங்க?" என்றார். டப்பாவைக் கொடுத்தேன். கொட்டகையில் பட்டறைக்கல் மேல் ஒவ்வொரு கூடாக வைத்து, சுத்தியலால் தட்டையாக்கினார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், என்னிடம் நாலைந்து பதில் தயாராக இருந்தது. பாதி வழியில் ஒரு கூட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு அந்தத் தோட்டா சரியாத்தான் இருந்துச்சு," என்றார்.

"என்னைக்கு?"

"முதலாளி பையன் சுட்டப்ப. கண்ண இறுக்கி மூடிட்டான். நான் பக்கத்துலதான நின்னேன்."

"அப்ப ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"மில்லுல அப்பத்தான் ஆளக் குறைக்கிறாங்கன்னு பேச்சு. அவன் மூஞ்சி சிவந்துபோச்சு. ஏதோ வாயில வந்தத சொல்லிட்டேன்."

"அக்காகிட்ட அத சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அவ அதுக்குள்ள பஸ் ஏறிட்டா. அப்பறம் தள்ளித் தள்ளி, இவ்வளவு நாளாயிடுச்சு."

இதெல்லாம் உண்மை. நீ நம்பமாட்டாய். அவர் எழுதியதாக நான் அடித்த பொய்யும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகள்தானே. என் புத்திசாலித்தனம் எனக்கே வைத்த ஆப்பு இதுதான்: அவர் நிஜமாகச் சொன்ன அன்று, அதைச் சுமந்துகொண்டு வர ஊரில் பொய்யன் ஒருவன்தான் இருந்தான்.

அதனால் என்னை நம்ப வேண்டாம். உறையில் ஒரு கூடு வைத்திருக்கிறேன், அதைப் பார். நாலு நாளாக மில் விட்டு வந்ததும் கொட்டகைக்குப் போய் அப்பா செய்கிறார். உன் துப்பாக்கிக்கு. இருபது. கூடு மட்டும்தான். "மருந்தும் சேர்த்து நீங்களே போட்டுடலாமே, அக்காவுக்கு வேல மிச்சம்," என்று சும்மா சீண்டினேன்.

"வாய மூடு. அது அவ போடணும். அவ அளவு அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சதவிட நல்லாத் தெரியும்."

அப்புறம் கழுத்தை அரத்தால் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

டெல்மர்


சியாட்டில்
அக்டோபர் 11

டெல்மர்,

கூட்டை மதிய உணவு நேரத்தில் தொழிற்சாலை மைக்ரோமீட்டரில் வைத்தேன். பக்கத்து மேசைப் பெண், "இது எந்த விமானத்துல வருது?" என்றாள். எல்க் விமானத்தில் என்றேன்.

தோளில் ஒரு பள்ளம் இல்லை. நீளம் மயிரிழைகூடப் பிசகவில்லை. கழுத்தின் வாயை இயந்திரத்தில் அறுக்காமல் அரத்தால் தேய்த்து, உள்விளிம்பைப் பேனாக்கத்தியால் இரண்டு சுற்று சுரண்டியிருக்கிறது. நீ செய்திருந்தால் ஒரு சுற்றோடு சலித்துப்போய் ஒரு பக்கம் பிசிறு விட்டிருப்பாய். கடிதத்தில் யார் வேண்டுமானாலும் யாராகவும் பேசலாம். பித்தளையில் முடியாது.

இதுவே போதுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 'மன்னித்துவிடு' என்று அவர் எழுதினால்கூட எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது. அந்த வார்த்தை அவர் வாயில் எப்படி இருக்கும் என்றே தெரியாது. ஆனால் பத்துப் பேரைக் கேட்டுப் பார், நம் ஊரில் எவனாவது இன்னொருவர் துப்பாக்கிக்கு உட்கார்ந்து கூடு செய்துவிட்டு, மருந்து அவளே போடட்டும் என்று விட்டுவைப்பானா என்று. ஏழு பேர் முன்னால் என் கை அளவைச் சிரிப்பாக்கியவர் அதைச் சொல்லியிருக்கிறார். நீ எவ்வளவு பெரிய பொய்யனாக இருந்தாலும் அந்த வரியை உன்னால் கற்பனை செய்ய முடியாது. உனக்கு அந்த அளவுக்குத் தொழில் தெரியாது.

வெள்ளிக்கிழமை பதினெட்டாம் தேதி சாயங்காலம் பஸ் ஏறுகிறேன். சனிக்கிழமை மதியத்துக்குள் வந்துவிடுவேன். சாயங்காலமே உட்கார்ந்து மருந்து போட்டுவிடலாம். அப்பாவிடம் சொல். இல்லை, சொல்லாதே. சொன்னால் அவர் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, போடவில்லை என்று சொல்வார். சரி, சொல்லிவிடு.

பெட்டியை நேற்றுதான் மூடினேன். கம்பளிச் சட்டை உள்ளேயே இருந்தது. பத்து நாளாக இந்த ஊர்க் குளிரில் அது இல்லாமலே வேலைக்குப் போய்வந்திருக்கிறேன், தெரியுமா.

லவோனா


ஸ்டோனி பென்ட்
அக்டோபர் 14

அக்கா,

அப்பாவிடம் சொன்னேன். "ஓஹோ," என்றார். பிறகு கொட்டகைக் கூரையில் ஒழுகாத இடத்தில் ஏறி ஒழுகலை அடைத்தார். இறங்கி வந்து மறுபடி ஏறினார்.

நீ சனிக்கிழமை வருகிறாய். இந்தக் கடிதம் வியாழக்கிழமை உனக்குக் கிடைக்கும். இதை எழுதாமல் இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதைத் தள்ளித் தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று ஒரு வருஷமாக எதிர் நாற்காலியில் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான் ஒரு கூடுகூடச் செய்யவில்லை.

பதினேழு முறை முயன்றேன். ஒன்பது தோளில் நசுங்கியது. ஐந்தின் கழுத்து கோணிக்கொண்டு கேள்விக்குறி மாதிரி நின்றது. இரண்டை அறுக்கும்போது குட்டையாக்கிவிட்டேன். கடைசி ஒன்று அச்சுக்குள் சிக்கிக்கொண்டது. அதை எடுக்கப் பிரஸ் கைப்பிடியில் தொங்கினேன், கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அப்பா பற்றவைத்துக் கொடுத்தார்.

பதினான்கு முடிந்தது, இருபது முடிந்தது என்று நான் எழுதியவை உன்னுடையவை. போன வருஷம் நீ மூன்று வாரம் உட்கார்ந்து செய்து, சுட்டு முடித்து, உன் அலமாரியில் காபி டப்பாவில் விட்டுவிட்டுப் போன அதே இருபது. எதையும் நகர்த்தாதே என்று நீ எழுதியபோது அவை ஏற்கெனவே என் சட்டைப்பையில் இருந்தன. நீ வந்து பார்க்கும்போது பழசாகத் தெரியக்கூடாது, நான் புதிதாகச் செய்தது போலப் பளபளக்க வேண்டும் என்றுதான் அடுப்புக்குள் வைத்தேன். ஆக நான் அந்தக் கூடுகளை இரண்டு முறை சுட்டேன்: முதலில் உன் அலமாரியிலிருந்து, அப்புறம் அடுப்பில். துப்பாக்கியில் மட்டும் சுடவில்லை. இதை ஜோக்காக எழுதினேன். திரும்பப் படித்தால் சிரிப்பு வரவில்லை.

அப்பா பட்டறைக்கல்லில் பாதியில் நிறுத்தியது அதனால்தான். உன் கை வேலை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முதலாளி மகன் சுட்ட கூடும் அதில் ஒன்று; எது என்று யாருக்குத் தெரியும். ஒன்றில்கூடப் பிசகு இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், உன்னிடம் சொல்லவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. மிச்சத்தையும் அடித்துத் தட்டையாக்கினார். வேறு வழியில்லை, அடி வெந்துவிட்டது. அந்த ஒவ்வொரு அடியும் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

உன் அறை வசதியாக இருக்கிறது என்று எழுதியதும் பொய். நான் அங்கே படுப்பதில்லை. கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவேன். அம்மா போனபோது எனக்கு நாலு வயது, ஒன்றும் ஞாபகமில்லை. வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று நீ போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். எந்தக் கன்னம் வேண்டுமோ எடுத்துக்கொள். ரெண்டும் வேண்டுமென்றாலும் சரி. வந்து அடி, அக்கா. வராமல் மட்டும் இருந்துவிடாதே.

டெல்மர்